பன்னிரண்டாவது பெயர்

கடைசிக் குளிசையை விழுங்கி இன்றோடு ஒன்பது நாள். ஆறு மாதப் பழக்கம், காலையில் எழும்பியதும் கை தன்பாட்டில் அலுமாரியைத் திறக்கிறது. எனக்கு வந்தது காசநோய். எங்கள் ஊர்ப் பக்கம் கசம் என்பார்கள், அதையும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். மொன்ட்ரியாலில் யாராவது தமிழர் இருமிக்கொண்டு, அதை மறைத்துக்கொண்டு திரிந்தால் அவர் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வைக்க அல்ல. அந்த ஆசையால்தான் இவ்வளவும் நடந்தது.

நான் மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சைக்கிள் கடையில் திருத்த வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத வருடங்களில் ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடியது. அப்போது பழகிய கை. கடைக்காரர் அன்செல்ம் பிரான்ஸ்காரர், அறுபத்து மூன்று வயது. இளமையில் ஏழு வருடம் சம்பளத்துக்குச் சைக்கிள் பந்தயம் ஓடியவர். பிறகு ஒரு கெபெக் பெண்ணைக் கலியாணம் செய்து இங்கே வந்தார். அவரும் நானும் பேசுவது பிரெஞ்சில்தான். ஆனால் பத்து வருடம் பக்கத்தில் இருந்ததில் அவர் பேச்சு எனக்குத் தமிழாகவே கேட்கும், அப்படியே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டேன், எத்தனை ஓட்டம் வென்றீர்கள் என்று.

“ஒண்டு,” என்றார். “மழைக்குள்ள. மற்ற ஆக்கள் விழுந்துபோச்சினம்.”

“அப்ப அந்த ஏழு வருசமும்?”

“தண்ணி காவினன்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லையாம், உண்மையிலேயே தண்ணீர் சுமந்தாராம். ஒரு குழுவில் வெல்லப் பிறந்தவன் ஒருவன், கப்டன். மற்றவர்கள் எல்லாம் அவனுக்கு வேலைக்காரர். அன்செல்ம் பின்னால் வரும் குழுக் காருக்குப் போய் எட்டுப் போத்தல் தண்ணீரை முதுகுப் பையிலும் சட்டைக்குள்ளும் அடைத்துக்கொண்டு, முன்னால் போய்விட்ட கூட்டத்தைத் திரும்ப எட்டிப் பிடிப்பார். கப்டனுக்குக் காற்று முகத்தில் அடிக்காமல் முன்னால் ஓடுவார். கப்டனுக்குச் சில்லுக் காற்றுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீதியோரம் நிற்பார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கவலையே இருக்காது. தண்ணீர் காவுவதில் தன்னைவிடக் கெட்டிக்காரன் அந்தக் காலத்துப் பிரான்ஸில் இல்லை என்பார்.

டிசம்பர் வந்தால் கடையின் முன்பக்கம் பூட்டிவிடும். பனிக்குள் யார் சைக்கிள் வாங்குவார்கள்? ஆனால் பின்னறையில் நாங்கள் இரண்டு பேரும் மார்ச் வரை வாடகைச் சைக்கிள்களைப் பிரித்துத் திரும்பப் பொருத்துவோம். சின்ன அறை, ஒரு மின்சார ஹீட்டர். குளிர் புகாமல் ஜன்னலை மூடி பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி இழுத்துவிடுவோம். கடந்த குளிர்காலம் அதை ஒட்டியவன் நான். ஒரு பொட்டுக் காற்றும் வராதபடி நன்றாக ஒட்டினேன்.

அப்போதே நான் இருமிக்கொண்டிருந்தேன். அங்கே ஊரில் போர்நிறுத்தம் உடைந்துகொண்டிருந்த நேரம். செய்தி கேட்டு நித்திரையில்லை, அதால்தான் மெலிகிறேன் என்று மனைவி சுகந்திக்குச் சொன்னேன். அன்செல்முக்கு, செயின் எண்ணெய் எனக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னேன். அவர் உடனே வேறு எண்ணெய் வாங்கி வந்தார். அந்தப் போத்தலைப் பார்க்க இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் ஒரு பின்னேரம், சில்லின் நெளிவு எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் தன் ஏழாவது வருடத்தின் கதையைச் சொன்னார். பிரான்ஸைச் சுற்றும் மூன்று வார ஓட்டத்துக்கு ஆள் தெரிவு செய்கிறார்கள். அவருக்கு நெஞ்சில் சளி. சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்கள். சொல்லவில்லை. ஹோட்டலில் கப்டனும் அவரும் ஒரே அறை. இரவில் தலையணைக்குள் முகத்தை வைத்து இருமினாராம். பத்தாம் நாள் கப்டனுக்குக் காய்ச்சல். மலை ஏறும் நாளன்று பாதி வழியில் சைக்கிளை விட்டிறங்கி வீதியோரத்தில் இருந்துவிட்டானாம். அவனுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

“பேந்து சொன்னனீங்களோ அவனுக்கு?” என்று கேட்டேன்.

“சொன்னன். காரில பக்கத்தில இருக்கேக்க சொன்னன். அவன் என்ர தோளில தட்டி, பரவாயில்லை, அது ஒண்டுமில்லை எண்டான். அதுக்குப் பிறகு என்னோட கதைக்கேல்லை. அடுத்த வருசம் நான் ஓட்டத்தையே விட்டிட்டன்.” சில்லைச் சுற்றிவிட்டு அது ஓடி நிற்கும்வரை பார்த்தார். “அண்டைக்கு அவன் எனக்குக் கன்னத்தில ஒரு அறை விட்டிருந்தா நான் இன்னும் ரெண்டு வருசம் ஓடியிருப்பன்.”

அந்தக் கதை முடியும்வரை என் தொண்டையில் ஒரு இருமல் நின்றது. நான் அதை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் தன் கதைக்குத்தான் வந்தது என்று நினைத்து என் கையைப் பிடித்தார்.

பெப்ரவரியில் ஒரு காலை முகம் கழுவும் தொட்டியில் ரத்தம் துப்பினேன். சுகந்தி பார்த்துவிட்டாள், இனி எண்ணெய்க் கதை எடுபடாது. அவசரப் பிரிவில் பதிவு செய்யும் தாதி, “ரத்தம்” என்று நான் சொல்லி முடிக்கமுன் முகமூடி ஒன்றை நீட்டினாள். காத்திருக்கும் கூடத்தில் முகமூடி போட்டவன் நான் ஒருவன்தான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் பையை எடுத்துக்கொண்டு மூன்று கதிரை தள்ளிப் போய் இருந்தார். அவரில் கோபம் வரவில்லை. நானென்றாலும் தள்ளித்தான் இருந்திருப்பேன்.

எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு பொந்து தெரிந்தது. டொக்டர் பேனையால் காட்டினார். கிருமி எப்போதோ, ஊரிலோ வழியிலோ உள்ளே போய் வருடக்கணக்காக நித்திரை கொண்டிருக்கும், உடம்பு இளைத்த நேரம் பார்த்து எழும்பும் என்றார். மூன்று காலை தொடர்ந்து சளியைப் போத்தலில் துப்பிக் கொடுக்க வேண்டும். முதல் போத்தலிலேயே கிருமி நிறைய இருந்தது. அதன் அர்த்தம், நான் இருமும்போதெல்லாம் அது காற்றில் பறந்திருக்கிறது.

என்னை வைத்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்றை மூடின பிறகுதான் மற்றதைத் திறப்பார்கள். உள்ளே இருக்கும் காற்று நடைபாதைக்குப் போகாமல் ஒரு மெஷின் உறிஞ்சி வெளியே விடும். தினமும் காலை ஒரு தொழிலாளி வந்து கதவின் கீழ் இடைவெளியில் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்துப் பார்ப்பார். கடதாசி என் பக்கம் சாய்ந்தால் எல்லாம் சரி. உள்ளே வருகிற எல்லோருக்கும் வாத்துச் சொண்டு போன்ற முகமூடி. சுகந்திக்கு அது பெரிது, பேசும்போது மூக்குக்கு ஏறிவிடும். சொதியும் இடியப்பமும் பிளாஸ்க்கில் கொண்டுவந்து, நான் சாப்பிடும்வரை அதைக் கையால் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

நாலு விதக் குளிசை, ஒன்றாக விழுங்க வேண்டும். சிவப்புக் கூட்டுக்குள் இருப்பது சிறுநீரைத் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறமாக்கும். ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாததால் முதல் தரம் ரத்தம் என்று கத்திவிட்டேன். இன்னொன்று கண்ணைப் பாதிக்கலாம் என்று நிறப் புள்ளிகள் உள்ள அட்டையைக் காட்டி இலக்கம் வாசிக்கச் சொல்வார்கள். பில் ஒன்றும் வரவில்லை. சுகாதார அட்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. அரசாங்கம் இவ்வளவு செய்ததே, நீ அதற்கு ஒரு பெயரைக் கொடுக்கக் கூடாதா என்று பிறகு என்னையே கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பொதுச் சுகாதாரத் தாதி மரி-ஈவ் வந்தாள். மடியில் ஒரு படிவம். கடந்த மூன்று மாதத்தில் யார் யாரோடு மூடிய இடத்தில் மணிக்கணக்காக இருந்தாய் என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். சுகந்தி, மகள், மேல்வீட்டுக் குடும்பம் ஆறு பேர், என்னைக் கோயிலுக்குக் காரில் ஏற்றிப் போகிறவர், அவர் மனைவி, கீழ்வீட்டுக் கிழவர். பதினொரு பெயர். சுகந்தி கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள் என்பதையும் ஒளிக்கவில்லை.

“வேலை?” என்றாள்.

“கடை டிசம்பரிலேயே பூட்டிவிட்டது.”

“அப்போ வீட்டில்தான் இருந்தாய்?”

“ஆம்.”

பன்னிரண்டாவது பெயரை ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். அவர்களுக்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தில் இருபத்திரண்டு வயதில் என்னை இருத்தி, “ஆரோட இருந்தனீ?” என்று கேட்டார்கள். சொன்ன பெயர்க்காரரைப் போய்ப் பிடித்தார்கள். அன்றிலிருந்து கடதாசியோடு வருகிறவருக்கு, எனக்கு விருப்பமானவர்களின் பெயரைக் கொடுக்க எனக்கு வாய் வராது. இந்தக் காரணத்தைக் கேட்டவர்கள் தலையாட்டினார்கள், ஒருவர் கண்கலங்கினார். நடந்தது உண்மைதான். ஆனால் அது காரணமில்லை. அப்படியென்றால் என் மகளின் பெயரை எப்படிக் கொடுத்தேன்? தலையணைக் கதையை அவர் எனக்குச் சொன்னபோது, அதையே நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன் என்று அன்செல்ம் அறியக் கூடாது. அதுதான் காரணம். அவர் கண்ணில் நான் நல்லவனாக இருக்க வேண்டியிருந்தது.

அவருக்குச் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். மொன்ட்ரியால் தமிழருக்கு அதில் பஞ்சமில்லை. தொரொன்டோவில் கலியாணம் என்றால் எந்த முதலாளியும் திருப்பிக் கேட்கமாட்டார்.

“சொந்தக்காரப் பெட்டைக்குக் கலியாணம், மூண்டு கிழமை நிப்பார் எண்டு சொல்லும்,” என்றேன் சுகந்தியிடம்.

“ஒரு கலியாணத்துக்கு மூண்டு கிழமையோ?”

“அவருக்கு எங்கட கலியாணம் என்ன தெரியும்? நீர் சொல்லும்.”

அவள் சொன்னாள். அவள் குரலுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பதினேழாம் நாள், ஒரு வியாழக்கிழமை, சுகந்தி பிளாஸ்க்கைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“இஞ்சேருங்கோ, நேற்று அந்த மனுசன் வீட்டை வந்தவர்.”

“ஆர்?”

“உங்கட அன்செல்ம். பொம்பிளைக்கு எண்டு பரிசு கொண்டு வந்தார். சீஸ் உருக்கிச் சாப்பிடுற சட்டியாம், சிவப்பு. ரிபன் கட்டிக் கொண்டு வந்தவர். நான் என்னெண்டு வாங்கிறது, என்னெண்டு வாங்காமல் விடுறது? கடைசியில வாங்கி வைச்சிட்டன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“எங்கட மூண்டாம் மாடி ஏறேல்லாமல் படியில இருந்திட்டார். இருமுறார். ஒரு பக்கத்தைக் கையால பொத்திக்கொண்டு இருமுறார். மெலிஞ்சும் போனார். நீங்கள் அந்த நேர்ஸுக்கு இவற்ற பேர் சொன்னனீங்கள்தானே?”

நான் பிளாஸ்க்கை வாங்கக் கையை நீட்டினேன்.

“சொல்லேல்லையோ?” என்றாள். முகமூடிக்கு மேல் அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. “லியா புதன்கிழமை புதன்கிழமை அங்கதானே நிக்கிறது? உங்கட மடியிலதானே இருக்கிறது?”

லியா அன்செல்மின் மகளின் பிள்ளை. இரண்டு வயது. புதன் பின்னேரங்களில் என் மடியில் இருந்து சில்லைச் சுற்றிவிடும், அது ஓடும்போது வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

அடுத்த நாள் காலை, சுற்றுக்கு வந்த டொக்டரிடம், இந்த நோய் யாருக்கு லேசில் பிடிக்கும் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். சின்னக் குழந்தைகளுக்கு என்றார். பிறகு கோர்ட்டிசோன் குளிசை எடுப்பவர்களுக்கு, அது உடம்பின் காவலை நித்திரையாக்கிவிடும். அன்செல்ம் மூட்டு வாதத்துக்கு அந்தக் குளிசைதான் எடுக்கிறார். மேசையில் செயின் கழுவும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்தப் போத்தலை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அப்போதே டொக்டரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கதவருகில் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். நான், மரி-ஈவ் வரட்டும், அவளிடமே சொல்கிறேன் என்று எனக்கு நானே தவணை சொன்னேன். சனி ஞாயிறு அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் பதினைந்து நாளும் தெரியாத்தனம் என்று சொல்லலாம். அந்த இரண்டு நாளும் தெரிந்துகொண்டு செய்தது.

திங்கட்கிழமை மரி-ஈவ் வந்து கதிரையில் இருக்கமுன் சொல்லிவிட்டேன். பின்னறை, பிளாஸ்டிக் தாள், கோர்ட்டிசோன், லியா. அவள் திட்டவில்லை. வேகமாக எழுதினாள். எழுந்து போகும்போது சொன்னாள்: “உன் பெயரை நாங்கள் அவரிடம் சொல்லமாட்டோம். அது சட்டம்.”

அதாவது நான் இனியும் ஒளிந்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தவுடன் உடம்பில் ஒரு ஆறுதல் ஓடியதையும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய் சுகந்தி செய்தியோடு வந்தாள். அன்செல்மின் மகள் எங்கள் வீட்டுக்கு போன் எடுத்திருக்கிறாள், கலியாண வீட்டில் இருக்கும் என்னிடம் சொல்லச் சொல்லி. அப்பா சனிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியில். நான் இருந்த அதே ஆஸ்பத்திரி, இரண்டு மாடி கீழே. நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது. நியூமோனியா என்று மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. நாலு பேர் இருந்த அறையில் கிடந்தவரை நேற்றுப் பின்னேரம் திடீரென்று தனி அறைக்கு மாற்றி, எல்லோரும் முகமூடி போடத் தொடங்கிவிட்டார்களாம். லியாவின் கையில் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை லியாவின் கை வீங்கியது. நோய் இல்லை, கிருமி உள்ளே போயிருக்கிறது. எழும்பாமலிருக்க ஒன்பது மாதம் மருந்து. குளிசையை இடித்து ஜாமில் குழைத்துக் கொடுக்க வேண்டும், அது துப்பும், திரும்பவும் கொடுக்க வேண்டும். எனக்கு ஆறு மாதம், அந்தக் குழந்தைக்கு ஒன்பது மாதம்.

இருபத்தைந்தாம் நாள் எனக்குக் கதவு திறந்தது. மூன்று முறை சளியில் கிருமி இல்லை. சுகந்தி கீழே டாக்சி பிடிக்கப் போக, நான் அவர் இருந்த மாடிக்கு இறங்கினேன். தாதி எனக்கு வாத்துச் சொண்டு முகமூடியைத் தந்து பிடரியில் நாடாவை இழுத்துச் சரிசெய்தாள். இரண்டு கதவு. ஒன்றை மூடின பிறகு மற்றது.

அன்செல்ம் சாய்ந்து இருந்தார். விலாவிலிருந்து ஒரு குழாய் கீழே போத்தலுக்குப் போனது, அதில் தேத்தண்ணி நிறத்தில் நீர். அவர் கால்கள் மட்டும் இன்னும் சைக்கிள்காரன் கால்கள்.

“கலியாணம் எப்பிடி?” என்றார்.

“கலியாணம் இல்லை.”

“பொம்பிளை ஓடீட்டாளோ?”

“பொம்பிளையும் இல்லை. நான் மேல்மாடியில இருந்தனான், இருபத்தஞ்சு நாள். உங்களுக்கு வந்தது என்னட்டை இருந்துதான். அவை ஆரோட இருந்தனீ எண்டு கேட்டவை. நான் உங்கட பேரைச் சொல்லேல்லை. பதினெட்டு நாள் சொல்லேல்லை.” எண்ணியே வைத்திருந்தேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். திறக்க முடியாத ஜன்னல்.

“தெரியும்,” என்றார். “என்னட்டையும் ஒரு நேர்ஸ் வந்து கேட்டவ, ஆரோட மூடின அறையில இருந்தனீங்கள் எண்டு. முதல் பேர் உன்ர பேர்தான் சொன்னன். அவ எழுதேல்லை. பேனையைப் பிடிச்சுக்கொண்டு, அடுத்தது ஆர் எண்டா. ஏற்கெனவே இருக்கிற பேரை ஆர் ரெண்டாந்தரம் எழுதுவினம்?”

நான் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேண்டியது என்ன என்று அப்போது எனக்கே தெரிந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

“அந்தத் தலையணைக் கதையை நான் சொல்லேக்க நீ இருமினனியோ?”

“விழுங்கினனான்.”

“விழுங்கினனியோ!” என்றார்.

பிறகு கத்தத் தொடங்கினார். பத்து வருடத்தில் நான் கேட்டிராத சத்தம். மடையா என்றார். பல்லுப் போன கியருக்கும் வளைந்த ரிம்முக்கும் சொல்லும் வசவு எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார். ஜன்னலை ஒட்டினதைச் சொன்னார், எண்ணெய் மாற்றினதைச் சொன்னார், எங்கள் மூன்றாம் மாடிப் படியைச் சொன்னார். லியாவின் பெயருக்கு வந்ததும் குரல் உடைந்தது, நின்று மூச்செடுத்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். தாதி உள்ளே ஓடி வந்தாள். “வெளியில நில்லும், எனக்கு இன்னும் முடியேல்லை,” என்று அவளுக்கும் கத்தினார். முகமூடிக்குள் என் மூக்கும் கண்ணும் ஓடின. துடைக்க வழியில்லை. இருபத்தைந்து நாளில் முதல் தரம் எனக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

கடைசியில் களைத்துத் தலையணையில் விழுந்தார். நான் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார், நன்றி சொல்லவில்லை.

“இண்டைக்கு இவ்வளவு போதும்,” என்றார். “மிச்சம் நாளைக்கு. வரேக்க அந்தக் கலியாணச் சட்டியைக் கொண்டு வா.”

மறுநாள் சட்டியோடு போனேன்.